நாற்பத்து மூன்று பேரும் ஒரு அக்காவும்

ஆகஸ்ட் 9

அக்காவுக்கு,

வணக்கம். என் குரலைக் கேட்கவே வேண்டாம் என்று சொல்லிவிட்டு போனை வைத்தீர்கள். அதனால் எழுதுகிறேன். பிடிக்காவிட்டால் பாதியில் மடித்து வைத்துவிடுங்கள்.

காரியம் இதுதான். உங்கள் தங்கை பார்த்துவந்த வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள். எங்கள் சமுதாயக் கல்லூரியில் புதிதாகச் சேருகிறவர்கள் முதல் வருஷத்தை ஒழுங்காகத் தாண்டுவதற்கு உதவுகிற வேலை. ஆறு வருஷம் அவள் செய்தாள். அவள் இறந்து முப்பத்தொன்பது நாள் ஆகிறது. பிரின்சிபால் கூப்பிட்டு, "புது ஆள் வர ஒரு வருஷம் ஆகும். உங்க பிரிவு பசங்களையாவது நீங்க பாத்துக்கோங்க. வீட்டுல கூடவே இருந்து பாத்திருப்பீங்க இல்ல?" என்றார். சமையல்காரர் வீட்டில் இருந்தால் சமையல் வந்துவிடுமா? கேட்கவில்லை. சரி என்றேன். இப்போதெல்லாம் யார் எதைச் சொன்னாலும் சரி என்றுதான் சொல்கிறேன்.

நான் குளிர்சாதனப் பிரிவு வாத்தியார். ஒரு மெஷின் நின்றுபோனால் எங்கே நின்றது, ஏன் நின்றது என்று அரைமணி நேரத்தில் சொல்லிவிடுவேன். மனிதர்கள் நின்றுபோவது எனக்குப் புரியவில்லை. மூன்று வருஷத்துப் பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். வருஷத்துக்கு நாற்பதுக்கு மேல் சேருகிறார்கள். முடிவில் இருபத்துநாலு, இருபத்தைந்து பேர்தான் மிச்சம். பெரும்பாலும் மூன்றாவது வாரத்திலிருந்து ஆறாவது வாரத்துக்குள் காணாமல் போகிறார்கள். ஒரு வார்த்தை சொல்வதில்லை. எழுதிக் கொடுப்பதில்லை. வருவது நின்றுவிடுகிறது, அவ்வளவுதான். இந்த வருஷம் சேர்ந்திருப்பது நாற்பத்து மூன்று பேர்.

எனக்குத் தெரிந்த ஒரே முதல் வருஷ மாணவர் நீங்கள்தான். அதனால் உங்களிடம் கேட்கிறேன். ஏன் நின்றுவிடுகிறார்கள்? உங்களுக்கு அங்கே என்ன கஷ்டம்? விவரமாக எழுதினால் உதவியாக இருக்கும்.

வேறு எதையும் விசாரிக்க எனக்கு முகமில்லை.

இப்படிக்கு,
உங்கள் தங்கை கணவன்


ஆகஸ்ட் 20

தம்பி,

ஏன் நின்னுடறாங்கன்னு கேட்டிருக்கீங்க. நல்ல ஆளைப் பாத்துதான் கேட்டீங்க. நானே நிக்கப் போறேன்.

செப்டம்பர் பதினஞ்சுக்குள்ள எழுதிக் குடுத்தா பேரை எடுத்துடுவாங்களாம். குடுத்துட்டு ஆஸ்பத்திரி லாண்ட்ரியிலயே இருந்துடலாம்னு இருக்கேன். பதினெட்டு வருஷமா துவைச்சுத் தேய்ச்ச கை. இந்தக் கைக்கு எதுக்கு லேப் டெக்னீஷியன் படிப்பு? அவதான் விடல. "எனக்காகப் படிப்பை விட்டல்ல, எனக்காக எடுத்துக்கோ"ன்னு ஒத்தக் கால்ல நின்னா. அம்மா போனப்ப அவளுக்கு ஏழு, எனக்குப் பதினாலு. நான் ஸ்கூலை விட்டதுக்கு அவ வாழ்நாள் பூரா என்னைக் கோவிச்சுக்கிட்டா.

கஷ்டம் என்னன்னு கேட்டீங்க இல்ல? சொல்றேன். முதல் நாள் பெரிய ஹால்ல உக்கார வச்சு, எல்லாரும் போனை அணைச்சிடுங்கன்னாங்க. அணைச்சேன். ஒவ்வொருத்தரா எழுந்து, எதுக்குப் படிக்க வந்தோம்னு சொல்லணும். நானும் எழுந்து, "என் தங்கச்சி சொன்னா, வந்தேன்"னேன். எல்லாரும் கை தட்டினாங்க. சாயங்காலம் போனைப் போட்டா பதினோரு மிஸ்டு கால் இருக்கு. எல்லாம் உங்க நம்பர்.

ஒன்பது நாள் அவ உடம்பு முடியாம கிடந்திருக்கா. ஒன்பது நாளும் எங்கிட்ட சொல்லல. கேட்டா, "அவதான் சொல்ல வேண்டாம்னா, அக்காவுக்கு அட்மிஷன் நேரம்னா"ன்னு ஒரு வரி. நான் வந்து சேந்தப்ப அவ முகத்தைத்தான் பாத்தேன். அவ என்னைப் பாக்கல. இப்பவும் அந்தக் காலேஜ் கேட்டுக்கு எதிர்ல நின்னுக்கிட்டே இருக்கேன், மணி அடிச்சப்புறம்தான் உள்ள போறேன்.

மத்தபடி எல்லாரையும் போலத்தான். போர்டுல எழுதறதைப் பாத்து எழுதி முடிக்கறதுக்குள்ள அழிச்சிடறாங்க. கணக்குல அம்பதுக்கு ஒன்பது. "கற்றல் உதவி மையம்"னு ஒரு ரூம் இருக்கு. நாலு பக்கமும் கண்ணாடி. தேறாத கேஸுங்க எல்லாம் உள்ள உக்காந்திருக்கும், போறவங்க வரவங்க வேடிக்கை பாப்பாங்க. முப்பத்தொன்பது வயசுல நான் அங்க போயி பொம்மையா உக்காரணுமா?

விவரம் போதுமா?

அக்கா


ஆகஸ்ட் 26

அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. இரண்டு தடவை படித்தேன்.

முதலில் அந்தக் கண்ணாடி அறை. எங்கள் கல்லூரியிலும் அப்படி ஒன்று உண்டு. போன வருஷத்து வருகைப் புத்தகத்தையும் தேர்வு முடிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். நாலு தடவைக்கு மேல் உள்ளே போனவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் தேறியிருக்கிறார்கள். உள்ளே இருப்பது தேறாத கேஸ் இல்லை அக்கா. தேறாத கேஸ் எல்லாம் வெளியே நின்று வேடிக்கை பார்த்தவர்கள்தான்.

இரண்டாவது. போவதென்றால் கட்டாயம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். சொல்லாமல் நின்றால் எல்லாப் பாடத்திலும் தோல்வி என்று விழும், பிற்பாடு அது காலைச் சுற்றும். ஆனால் எல்லாவற்றையும் விட வேண்டும் என்றில்லை. ஒரே ஒரு பாடத்தை மட்டும் அடுத்த வருஷத்துக்குத் தள்ளிவைக்கலாம். வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவர்களுக்கு அந்த வசதி உண்டு. யாரும் தானாகச் சொல்ல மாட்டார்கள். அலுவலகத்தில் கேட்க வேண்டும்.

நீங்கள் எழுதியதை வைத்து இங்கே ஒரு ஏற்பாடு செய்திருக்கிறேன். எங்கள் லேபில் ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு சர்வீஸ் கார்டு தொங்கும். எப்போது பார்த்தோம், என்ன கோளாறு, அடுத்து எப்போது பார்க்க வேண்டும் என்று அதில் இருக்கும். அதே மாதிரி நாற்பத்து மூன்று பேருக்கும் கார்டு போட்டேன். எத்தனை நாள் வரவில்லை, டெஸ்டில் எத்தனை, எதில் பலவீனம் என்று எழுதி, லேப் கதவுக்குப் பக்கத்தில் வரிசையாகத் தொங்கவிட்டேன். உடனே கவனிக்க வேண்டிய பதினோரு பேருக்குச் சிவப்பு கிளிப். மூன்று நாள் உட்கார்ந்து செய்தேன். அவள் போன பிறகு ஒரு வேலையை முழுதாக முடித்தது இதுதான்.

ஒன்பது நாளைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். வரவில்லை.

இப்படிக்கு,
உங்கள் தங்கை கணவன்


செப்டம்பர் 7

தம்பி,

உங்களுக்கு மூளை இருக்கா?

முதல்ல அந்தக் கார்டையெல்லாம் கழட்டுங்க. இந்த லெட்டரைப் படிச்சு முடிக்கறதுக்கு முன்னாடி எழுந்து போயி கழட்டிட்டு வாங்க.

கழட்டியாச்சா? இப்பக் கேளுங்க. அம்பதுக்கு ஒன்பதுன்னு எழுதி, சிவப்பு கிளிப் மாட்டி, என் பேரைக் கதவுல தொங்கவிட்டிருந்தா அன்னைக்கே பையைத் தூக்கிக்கிட்டுக் கிளம்பியிருப்பேன். திரும்பி அந்தத் தெருப் பக்கமே தலை வச்சுப் படுத்திருக்க மாட்டேன். அதுங்க என்ன ஃப்ரிட்ஜா? அந்தப் பதினோரு பேர்ல எத்தனை பேர் மறுநாள் வந்தாங்க? நிஜத்தை எழுதுங்க.

எங்க லாண்ட்ரியில ஒரு வழக்கம் இருக்கு. யாராவது ரெண்டு நாள், மூணு நாள் வரலேன்னா அவ பங்குத் துணியை இன்னொருத்தி எடுக்க மாட்டா. அவ டிராலியில அவ பேர்ச் சீட்டோட அப்படியே ஓரமா நிக்கும். அவசரத் துணியை மட்டும் எடுத்துப்போம், மீதி அவளுக்கு. வந்ததும் ஏன் வரலேன்னு ஒருத்தி கேக்கக் கூடாது. "உன் வண்டி அங்க நிக்குது"ன்னு மட்டும்தான் சொல்லணும். சூப்பர்வைசரம்மாவும் கேக்க மாட்டாங்க. ஏன்னா புருஷன் அடிச்சிருப்பான், புள்ளைக்குக் காய்ச்சலா இருக்கும், எதுன்னு சொல்லுவா? காரணம் கேட்டா வெக்கப்பட்டுக்கிட்டே வராம போயிடுவா. வண்டி நிக்குதுன்னா வருவா. உங்க தங்கமான காலேஜுல ஒரு நாள் வரலேன்னா முதல் கேள்வியே "ஏம்மா வரல?"தான்.

அப்புறம், நீங்க எழுதற தமிழ் இருக்கே, தண்ணி நிறுத்தப்படும்னு ஒட்டற நோட்டீஸ் மாதிரி இருக்கு. "இப்படிக்கு, உங்கள் தங்கை கணவன்." எனக்கு எத்தனை தங்கச்சி, அதுல நீங்க எந்தத் தங்கச்சி புருஷன்னு நான் யோசிக்கறதுக்கா? மனுஷன் பேசற மாதிரி எழுதுங்க.

ஆபீஸ்ல கேட்டேன். கம்ப்யூட்டர் பாடத்தைத் தள்ளி வச்சிட்டேன். இன்னும் எழுதிக் குடுக்கல, அவ்வளவுதான். இருக்கேன்னு அர்த்தமில்ல. கண்ணாடி ரூமுக்கும் ஒரு நாள் போனேன். அங்க சொல்லிக்குடுக்கற பொண்ணு, என் வயசுல பாதிதான் இருக்கும். "வாங்க ஆன்ட்டி"ன்னுச்சு. "ஆன்ட்டி கீன்ட்டின்னா எழுந்து போயிடுவேன்"னேன். "சரி, பாஸ்"னுச்சு.

அக்கா


செப்டம்பர் 24

அக்கா,

கழட்டிட்டேன். நீங்க சொன்ன மாதிரி நடுவுலயே எழுந்து போயி.

ஆனா லேட்டு. பதினோரு பேர்ல ஏழு பேர் மறுநாளே வரல. கார்டை மாட்டினதுலயிருந்து உங்க லெட்டர் வர வரைக்கும் அந்த ஏழு ஸ்டூலும் காலிதான். நான் அதையும் ஒழுங்கா கார்டுல குறிச்சு வச்சிருந்தேன். என்ன மனுஷன் நான்.

எனக்கு அவங்க ஒரு பேர் வச்சிருக்காங்களாம். ஃப்ரீசர். வெல்டிங் வாத்தியார் சொல்லித்தான் தெரியும். "கோவிச்சுக்காதீங்க சார், பொருத்தமாத்தான் இருக்கு"ன்னார்.

ஏழு பேரோட மேசையையும் துடைச்சு, ஒவ்வொண்ணுலயும் அவங்க பேர் ஒட்டி, டூல் செட்டு வச்சேன். அந்த வாரம் செம்புக் குழாய் வளைக்கற பாடம். ஏழு பங்குக் குழாயை வெட்டி மேசை மேல வச்சிட்டுத் தேடிப் போனேன். ஒருத்தன் டயர் கடையில இருந்தான். என்னைப் பாத்ததும் ஜாக்கிக்குப் பின்னாடி ஒளிஞ்சான். அவ்வளவு பெரிய உடம்பு, அந்த ஜாக்கிக்குப் பின்னாடி. "உன் மேசை அப்படியே இருக்கு, உன் பங்குக் குழாயை வெட்டி வச்சிருக்கேன், வியாழக்கிழமை வளைக்கறோம்"னேன். ஏன் வரலேன்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. முழுங்கிட்டேன். அவன் கையைத் துடைச்சுக்கிட்டு, "அவ்வளவுதானா சார்?"னான். "அவ்வளவுதான்"னேன். ஒரு பொண்ணு பேக்கரியில நிக்குது. மாவுக் கையோட வெளிய வந்து அழுதுச்சு. எனக்கு என்ன பண்றதுன்னு தெரியல. வரிசையில நின்னு ரெண்டு பன் வாங்கிட்டு வந்துட்டேன்.

வியாழக்கிழமை அஞ்சு பேர் வந்தாங்க. டயர்க்கடைக்காரன், பேக்கரிப் பொண்ணு, இன்னும் மூணு பேர். நேரா அவங்கவங்க மேசைக்குப் போயி குழாயை எடுத்தாங்க. பக்கத்து மேசைக்காரன் ஒருத்தன் தன் நோட்டை அவங்க பக்கம் தள்ளி வச்சான். யாரும் எதுவும் கேக்கல.

மீதி ரெண்டு பேர்ல ஒருத்தர் ஊரை விட்டே போயிட்டார். இன்னொருத்தி கதவைத் திறக்கல. அது என் கணக்கு.

எனக்கு ரொம்ப நாளா எதுவும் தோணறதே இல்லக்கா. பசி, தூக்கம், கோவம், எதுவும். வியாழக்கிழமை அந்த அஞ்சு குழாயும் வளையறதைப் பாத்தப்ப நெஞ்சுக்குள்ள என்னமோ அசைஞ்ச மாதிரி இருந்துச்சு. ரொம்பக் கொஞ்சம்தான். சொல்லணும்னு தோணுச்சு.

பதினஞ்சாம் தேதி தாண்டிடுச்சு. எழுதிக் குடுத்தீங்களா இல்லையான்னு நான் கேக்கல. வழக்கத்தைக் கத்துக்கிட்டேன்.

தம்பி


அக்டோபர் 15

தம்பி,

குடுக்கல. பதினஞ்சாம் தேதி அந்த பாரத்தைப் பூர்த்தி பண்ணி எடுத்துக்கிட்டுத்தான் போனேன். ஜன்னல்ல கூட்டம். நின்னுக்கிட்டிருந்தப்ப எங்க கணக்கு மேடம் போனாங்க. "இங்க என்ன, இன்னைக்கு டெஸ்ட் இல்ல?"ன்னாங்க. வெக்கமா போயி பின்னாலயே போயிட்டேன். அந்த வெக்கத்துல நான் தேறுனதை இப்ப சொல்லப் போறேன், கேளுங்க.

கரைசல் கணக்கு. பத்துல ஒரு பங்கு மருந்துங்கற அளவுல ஐந்நூறு மில்லி கரைசல் தயார் பண்ணணும், மருந்து எவ்வளவு, தண்ணி எவ்வளவு? கிளாஸே தலையைச் சொறியுது. நானும் சொறிஞ்சேன். அப்புறம் பாத்தா, அட, இது நம்ம பிளீச் வாளி! இருபது லிட்டர் வாளிக்கு ரெண்டு லிட்டர் பிளீச், பதினெட்டு லிட்டர் தண்ணி. பதினெட்டு வருஷமா தினமும் காலையில கண்ணை மூடிக்கிட்டு ஊத்தறேன். இதுக்கா இவ்வளவு பெரிய பேரு? அம்பது மருந்து, நானூத்தம்பது தண்ணி, எழுதிட்டேன். முக்கால்வாசிப் பேர் அம்பது மருந்து, ஐந்நூறு தண்ணின்னு எழுதியிருக்காங்க. மேடம் என்னைப் போர்டுக்குக் கூப்பிட்டு, "இவங்களுக்கு ஏன் தப்புன்னு சொல்லுங்க"ன்னாங்க. சாக்பீஸை வாங்கிக்கிட்டேன். "பாப்பா, வாளியே ஐந்நூறுதான். அதுல ஐந்நூறு தண்ணிய ஊத்திட்டு மருந்தை எங்க ஊத்துவ? தரையிலயா?"ன்னேன். கிளாஸே சிரிச்சுச்சு. என்னைப் பாத்து இல்ல, எங்கூட.

அம்பதுக்கு நாப்பத்தொண்ணு. கண்ணாடி ரூம் பொண்ணு பேப்பரை வாங்கி போற வர எல்லார்கிட்டயும் காட்டுது, "எங்க பாஸ், எங்க பாஸ்"னு. இப்ப அந்த ரூம்ல எங்க கிளாஸ்ல மூணு பொம்பளைங்க சேந்துதான் உக்காரறோம். கெமிஸ்ட்ரிதான் மண்டையில ஏற மாட்டேங்குது.

உங்க டயர்க்கடைக்காரனைப் படிச்சு சிரிச்சேன். நல்ல வேலை பண்ணியிருக்கீங்க. அவ இருந்தா உங்களைக் கிள்ளியிருப்பா.

அதனாலதான் இதைக் கேக்கறேன். கணக்குல நாப்பத்தொண்ணு வாங்கின அன்னைக்கு போன்ல அவ நம்பரைத்தான் முதல்ல தேடினேன். அப்புறம் அப்படியே உக்காந்துட்டேன். ஒரு வரி பத்தலை தம்பி. அந்த ஒன்பது நாளும் என்ன நடந்துச்சுன்னு எனக்குத் தெரியணும். ஒவ்வொரு நாளா எழுதுங்க.

அக்கா


அக்டோபர் 29

அக்கா,

இதுக்குக் கீழ இருக்கறதை எழுதி நாலு நாள் ஆச்சு. டிசம்பர்ல உங்களுக்குப் பரீட்சை. இதைப் படிச்சா படிப்பைத் தூக்கிப் போட்டுடுவீங்க, பரீட்சை முடிஞ்சதும் அனுப்பிக்கலாம்னு மேசை டிராயர்ல வச்சிருந்தேன். இன்னைக்கு காலையில பல்லு தேய்க்கறப்ப உறைச்சுது. அன்னைக்கு நான் பண்ண தப்பே இதுதான். உங்க நல்லதுக்குன்னு நானா முடிவு பண்ணி, உங்களுக்குச் சேர வேண்டியதை டிராயர்ல வைக்கறது. அதனால இன்னைக்கே போஸ்ட் பண்றேன். என்ன வேணா ஆகட்டும்.

முதல் நாள் காய்ச்சல். ரெண்டாம் நாள் மூச்சு வாங்குச்சு, அட்மிட் பண்ணேன். நெஞ்சுல சளி கட்டியிருக்கு, மருந்து ஏத்தினா சரியாயிடும்னாங்க. மூணாம் நாள்தான் அவ சொன்னா: "அக்காகிட்ட சொல்லாதீங்க. ஓடி வந்துடுவா. வந்தா திரும்பப் போக மாட்டா, அட்மிஷன் போயிடும்." நாலு, அஞ்சு தேவலாம். கஞ்சி குடிச்சா. ஆறாம் நாள் மறுபடி மூச்சு, மாஸ்க் போட்டாங்க.

இதுவரைக்கும் உங்ககிட்ட சொன்னது உண்மை. இனிமேதான் சொல்லாதது.

ஏழாம் நாள் மத்தியானம் அவ மாஸ்க்கைக் கொஞ்சம் தூக்கி, "அக்காவைக் கூப்பிடுங்க"ன்னா. தெளிவாத்தான் சொன்னா. நான் மானிட்டரைப் பாத்தேன். ஆக்சிஜன் தொண்ணூத்து நாலு. காலையில தொண்ணூத்தொண்ணு. ஏறிக்கிட்டிருக்கு. "நம்பர் நல்லா இருக்கும்மா. நாளன்னைக்கு அக்காவுக்கு முதல் நாள். அது முடியட்டும், சாயங்காலம் கூப்பிடலாம்"னேன். அவ என்னைப் பாத்தா. மறுபடி மாஸ்க்கை இழுத்து விட்டுக்கிட்டா. ரெண்டாவது தடவை கேக்கல.

பதினஞ்சு வருஷமா மீட்டரைப் பாத்து வேலை செய்யறவன். முள்ளு சரியா நின்னா மெஷின் சரின்னு நம்பறவன். என் பொண்டாட்டி முகத்தைப் பாக்காம நம்பரைப் பாத்தேன். எட்டாம் நாள் சாயங்காலம் எல்லா நம்பரும் இறங்க ஆரம்பிச்சுது. அப்புறம் அவளால பேச முடியல. அப்பவும் ராத்திரிக்குள்ள ஏறிடும்னு நம்பி உக்காந்திருந்தேன். ஒன்பதாம் நாள் காலையில நீங்க ஹால்ல உக்காந்திருந்தீங்க, நான் பதினோரு தடவை கூப்பிட்டேன்.

அவ சொல்ல வேண்டாம்னான்னு உங்ககிட்ட சொன்னேனே, அது பாதிதான். மீதிப் பாதி, அவ கூப்பிடச் சொன்னா, நான் கூப்பிடல.

இதுக்கு மேல என்கிட்ட மறைச்சது ஒண்ணும் இல்ல.

தம்பி


டிசம்பர் 14

தம்பி,

ஆறு வாரம் எழுதல. எழுத வரல.

உங்க லெட்டர் வந்த அன்னைக்கு லீவு சொல்லிட்டேன், லாண்ட்ரிக்கும் காலேஜுக்கும். நாலு நாள் படுத்தே கிடந்தேன். அஞ்சாம் நாள் கண்ணாடி ரூம் பொண்ணும் அந்த ரெண்டு பொம்பளைங்களும் வீட்டு வாசல்ல வந்து நிக்கறாங்க. எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. அந்தப் பொண்ணு மட்டும், "பாஸ், உங்க நாற்காலியில யாரையும் உக்கார விடல"ன்னுச்சு. லாண்ட்ரி வழக்கத்தை நான்தான் ஒரு நாள் அவங்களுக்குச் சொல்லியிருந்தேன். என் வாயாலயே மாட்டிக்கிட்டேன்.

அன்னைக்கு ராத்திரி போன் பண்ணது நான்தான். தெரிஞ்சிருக்கும். நான் ஒண்ணும் பேசல, நீங்களும் ஒண்ணும் பேசல. ஆனா ரெண்டு பேரும் வைக்கலையே. அதுவரைக்கும்தான் எனக்கு இப்ப முடியும்.

மன்னிச்சிட்டேன்னு எல்லாம் எழுத மாட்டேன். சும்மா எழுதினா அது உங்களுக்கும் தெரிஞ்சிடும். ஆனா அவ என்னைக் கேட்டான்னு தெரிஞ்சதே, அது என்னோடதுதானே? அதை எங்கிட்ட குடுத்துட்டீங்க. பரீட்சைக்கு முன்னாடியே குடுத்தீங்க. டிராயர்ல வச்சிருந்து அப்புறமா எனக்குத் தெரிய வந்திருந்தா, ஜென்மத்துக்கும் உங்க முகத்துல முழிச்சிருக்க மாட்டேன்.

பரீட்சை எல்லாம் எழுதிட்டேன். நல்லா எழுதினேனான்னு கேக்காதீங்க. ஹால்ல உக்காந்தேன், கடைசி மணி அடிக்கற வரைக்கும் எழுதினேன்.

சாப்பிடறீங்களா? அந்த பேக்கரி பன்னைத் தவிர வேற ஏதாவது?

அக்கா


ஜனவரி 20

அக்கா,

சாப்பிடறேன்.

முதல் செமஸ்டர் முடிஞ்சு நாப்பத்து மூணு பேர்ல நாப்பது பேர் திரும்ப வந்திருக்காங்க. மீட்டிங்ல பிரின்சிபால் அந்தத் தாளை ரெண்டு தடவை திருப்பிப் பாத்தார். அச்சுப் பிழைன்னு நினைச்சார் போல. "என்ன சார் பண்ணீங்க?"ன்னார். "ஒரு லாண்ட்ரியில கத்துக்கிட்டேன்"னேன். அவர் சிரிச்சார். ஜோக்குன்னு நினைச்சிட்டார். நான் விடல, உக்கார வச்சு முழுசா சொன்னேன். இப்ப மத்தப் பிரிவுலயும் வராதவங்களோட மேசையைத் துடைச்சு வைக்கறாங்க. ஏன்னு கேக்கறதை நிறுத்தத்தான் அவங்களுக்குக் கஷ்டமா இருக்கு. வாத்தியார் வாய் இல்லையா.

எனக்குப் பேரும் மாத்திட்டாங்களாம். என்ன பேருன்னு வெல்டிங் வாத்தியார் சொல்ல மாட்டேங்கறார்.

தம்பி


மே 30

தம்பி,

வருஷம் முடிஞ்சுது. ரிசல்ட் வந்துடுச்சு. சுத்தி வளைக்காம சொல்றேன். கெமிஸ்ட்ரியில ஃபெயில், நாலு மார்க்குல. மத்தது எல்லாம் பாஸ். கணக்குல கிளாஸ்லயே ரெண்டாவது. முதல்ல வந்த பையன் என் பேரன் வயசுக்காரன்னு சொல்ல முடியாது, புள்ளை வயசு.

போர்டுல கெமிஸ்ட்ரிக்கு நேரா அந்தக் குறியைப் பாத்ததும் காது அடைச்சுப் போச்சு. பழைய நானா இருந்தா அப்படியே திரும்பி நடந்து பஸ் ஏறியிருப்பேன். யாருக்கும் தெரியாது, யாரும் தேடவும் மாட்டாங்கன்னு. நிஜமா சொல்றேன், ரெண்டு அடி எடுத்து வச்சேன். அப்புறம் எனக்கே கோவம் வந்துச்சு. பதினெட்டு வருஷம் கறைத் துணி பாத்தவ நான். ஒரு தடவை துவைச்சுப் போகலேன்னா துணியையா தூக்கிப் போடறோம்? மறுபடி ஊற வைக்கறோம்.

நேரா ஆபீஸ் ஜன்னலுக்குப் போனேன். ரிசல்ட் ஒட்டி கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது. கிளார்க் டீ குடிச்சுக்கிட்டிருந்தார்.

"கெமிஸ்ட்ரி திரும்ப எழுதணும். பாரம் குடுங்க."

"அதுக்கு இன்னும் ரெண்டு வாரம் டைம் இருக்கும்மா. நிதானமா வீட்டுல கலந்து பேசிட்டு வாங்க."

"பேசியாச்சு."

"யார்கிட்ட?"

"எங்கிட்டதான். குடுங்க சார்."

டீயைக் கீழ வச்சிட்டுக் குடுத்தார். அங்கயே நின்னு பூர்த்தி பண்ணேன். ரெண்டாம் வருஷத்துக்கும் சேத்து. யாரும் வந்து கூப்பிடல தம்பி. அவளும் இல்ல, நீங்களும் இல்ல, கண்ணாடி ரூம் பொண்ணும் இல்ல. அவ சொன்னான்னு போன வருஷம் சேந்தேன். இந்தத் தடவை பாரத்துல எழுதினது நான் சொல்லி நான்.

வெளிய வந்தப்புறம்தான் அழுதேன். அது வேற.

பெருமையடிச்சுக்கறேன்னு நினைச்சா நினைச்சுக்கோங்க. அடிச்சுக்கறேன்தான்.

அக்கா


ஜூன் 6

அக்கா,

உங்க லெட்டர் மத்தியானம்தான் வந்துச்சுன்னு எழுத நினைச்சேன். பொய். காலையில காலேஜுக்குக் கிளம்பறப்ப வாசல்லயே வந்துடுச்சு. நடந்துக்கிட்டே படிச்சேன். ரோட்டுல ஒரு சைக்கிள்காரர் திட்டிட்டுப் போனார்.

முதல்ல கேட்ல வாட்ச்மேன்கிட்ட சொன்னேன். "எங்க அக்கா, ஆஸ்பத்திரி லாண்ட்ரியில வேலை, கணக்குல ரெண்டாவது ரேங்க்கு"ன்னேன். "கெமிஸ்ட்ரியில நாலு மார்க்குல போச்சு, கால் மணி நேரத்துல திரும்ப எழுதப் பாரம் வாங்கிட்டாங்க, கிளார்க் டீயைக்கூடக் குடிக்க விடல"ன்னேன். அவருக்கு நான் இவ்வளவு பேசுவேன்னே தெரியாது. எழுந்து நின்னுட்டார். அப்புறம் பிரின்சிபால். அவருக்கு முதல்லயிருந்து சொல்ல வேண்டியிருந்துச்சு, அந்த வாளிக் கணக்குலயிருந்து. போர்டுல படம் போட்டேன்.

எங்க முதல் வருஷமும் முடிஞ்சுது. நாப்பத்து மூணுல முப்பத்தெட்டு. டயர்க்கடைக்காரன் ரெண்டு பாடத்துல போயிட்டான். லேப்ல தனியா உக்காந்து டூல் பையைக் கட்டிக்கிட்டிருந்தான். அவன்கிட்ட உங்க லெட்டரையே எடுத்துப் படிச்சேன், கிளார்க் வர இடம் மட்டும். உங்களைக் கேக்காமப் படிச்சேன், திட்டுங்க. கேட்டுட்டு டூல் பையோட முடிச்சை அவுத்தான். அப்புறம், "ஆபீஸ் எத்தனை மணி வரைக்கும் சார்?"னான்.

அவ இருந்திருந்தா உங்க லெட்டரை என் கையிலயிருந்து பிடுங்கியிருப்பா. எனக்குப் பிடுங்க ஆள் இல்ல. ஆனா ஒரு வருஷத்துக்கு அப்புறம் இன்னைக்குத்தான் எனக்கு நல்லா பசிச்சுது. கேன்டீன்ல ரெண்டு சாப்பாடு சாப்பிட்டேன். எதிர்ல வெல்டிங் வாத்தியார் உக்காந்திருந்தார்.

"சார், எங்க அக்கா ரிசல்ட் வந்திருக்கு"ன்னேன்.

"தெரியும் சார், காலையிலயே சொன்னீங்க."

"உங்ககிட்டயா?"

"கேட்ல வாட்ச்மேன்கிட்ட சொன்னப்ப நான் பக்கத்துலதான் நின்னேன். பிரின்சிபால் ரூம்ல சொன்னப்பவும் உள்ள இருந்தேன். கணக்குல ரெண்டாவது, கெமிஸ்ட்ரி நாலு மார்க்கு, கிளார்க்கு டீ. மனப்பாடமே ஆயிடுச்சு."

"உங்ககிட்ட நேரா சொல்லலையே"ன்னு, தட்டைத் தள்ளி வச்சிட்டு முதல்லயிருந்து ஆரம்பிச்சேன்.

தம்பி